வாட்சின் முதுகில் ஒரு பெயர்

அம்மணி,

இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்து முடித்துவிட்டு அம்மாவைக் கூப்பிடு. பாதியில் கூப்பிட்டால் கையில் இருக்கிற கரண்டியோடு ஓடி வருவாள். அப்புறம் உன்னாலும் படிக்க முடியாது, என்னாலும் தப்பிக்க முடியாது. விஷயம் நவீனைப் பற்றியது. பத்திரிகை பாதி வீடுகளுக்குப் போய்விட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது, சமையல்காரர் நேற்றுகூட வந்து என்ன இனிப்பு என்று கேட்டுவிட்டுப் போனார். இதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். படித்த பிறகும் அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ சொன்னால் முன்னால் நின்று நடத்தி வைப்பேன். வேண்டாம் என்று சொன்னாலும் முன்னால் நிற்கப் போவது நான்தான். ஆனால் ஒரு விஷயம் தெரியாமல் நீ மணவறையில் போய் உட்காரக் கூடாது.

நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொன்னால் யார் நம்புகிறீர்கள்? போன மாதம் அடுப்பில் கேஸ் கசிகிறது என்று மெய்யாகவே சொன்னேன். நீயும் அம்மாவும் சிரித்துக்கொண்டே டிவி பார்த்தீர்கள். நானே போய் மூடினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் இவ்வளவு நீளத்துக்கு எழுதுகிறான் என்றால் விளையாட்டில்லை என்று உனக்குப் புரியும். எழுத்துப் பிழை இருந்தால் கல்யாணம் முடிந்த பிறகு திருத்து. அல்லது கல்யாணம் நின்ற பிறகு.

வாட்சிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் வாட்ச் போடுவது நம் பக்கத்து வழக்கம். கடைக்குப் போனோமா, பளபளவென்று ஒன்றை எடுத்தோமா என்றுதான் எல்லாரும் செய்வார்கள். வாட்ச் ரிப்பேர் தெரிந்த நீ மட்டும், "பழசு ஒண்ணுக்கு நானே உசுரு குடுத்துப் போடறேன்ப்பா" என்றாய். உக்கடத்துப் பழைய சாமான் கடையில், உடைந்த ரேடியோவுக்கும் மிக்சி மூடிக்கும் நடுவிலிருந்து அந்த வாட்சைப் பொறுக்கி எடுத்தாய். கண்ணாடியில் விரிசல். சாவி திருகினால் சுற்றிக்கொண்டே இருந்தது, எதையும் பிடிக்கவில்லை. டயல் பழுப்பேறி, டீ சிந்திய மாதிரி இருந்தது. "இது வாட்சா, வடையா?" என்று நான் கேட்டேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தாய்.

மூடியின் உள்பக்கம் ஊசியால் கீறிய மாதிரி பொடிப் பொடியாகக் குறிகள் இருந்தன. என்ன என்று கேட்டேன். ஒவ்வொரு ரிப்பேர்காரரும் திறக்கிறபோது தன் அடையாளமாக ஒரு குறி வைத்துவிட்டு மூடுவார்கள் என்றாய். அத்தனை பேர் கை பட்டிருக்கிறது என்றால் அவ்வளவு காலம் யாரோ அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம் என்றாய். டயலில் இருக்கும் பெயரை நம்பக் கூடாது, உள்ளே ஆடுகிற பேலன்ஸ் சக்கரத்தைத் தூக்கிவிட்டு அதன் அடியில் பார்த்தால்தான் இயந்திரத்தைச் செய்தது யார், எந்த வகை என்று தெரியும் என்றும் சொன்னாய். தூக்கிப் பார்த்தாய். சின்ன முத்திரை, பக்கத்தில் ஒரு எண். அதை வைத்து அதே இயந்திரம் உள்ள இன்னொரு செத்த வாட்சைத் தேடி வாங்கினாய். இரண்டு செத்ததைச் சேர்த்து ஒன்றைப் பிழைக்க வைத்தாய். மெயின் ஸ்பிரிங் மாற்றினாய், கண்ணாடி மாற்றினாய், பழைய எண்ணெய்ப் பிசுக்கை ஒவ்வொரு சக்கரப் பல்லாகக் கழுவினாய். டயலை மட்டும் தொடவில்லை. "பெயிண்ட் அடிச்சா பளிச்சுன்னு ஆகுமே கண்ணு" என்றேன். "அப்ப அது வேற வாட்சுப்பா" என்றாய். லேத்தில் இத்தனை வருஷம் பம்பு ஷாஃப்ட் கடைந்தவன் நான். தேய்ந்ததைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். உன் வைத்தியம் எனக்குப் புரியவில்லை. ஆனால் அது ஓட ஆரம்பித்த அன்று சாப்பிடாமல் காதருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அது புரிந்தது.

அழுக்கு போன பிறகுதான் பின்மூடியின் வெளிப்பக்கத்தில் இருந்த எழுத்து தெரிந்தது. கே. வேலாயுதம், வால்பாறை. கையால் வெட்டிய எழுத்து, ஒழுங்கான வெட்டு. "அவரு வேலை செஞ்ச இடத்துல குடுத்திருக்காங்கப்பா, கேட்டுப் பாக்கலாம்" என்று என்னை பஸ்ஸில் ஏற்றினாய். ஆழியாறுக்கு மேலே வளைவுக்கு வளைவு என் வயிறு வாய்க்கு வந்தது. நீ ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "லேத்து ஓட்டறவருக்குச் சுத்தினா ஆகாதுங்களா?" என்று கேட்டாய். அப்பனைக் கேலி செய்வதற்கு மட்டும் மரியாதையாக 'ங்க' போடுவாய். டீ ஃபேக்டரி வாசலிலும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் கேட்டோம். ஒருத்தர் மூன்று வேலாயுதம் சொன்னார், அதில் ஒருத்தருக்கும் கே இனிஷியல் வரவில்லை. இன்னொருத்தர் அந்தக் குடும்பம் கீழே இறங்கிப் போய் ரொம்ப நாளாச்சு என்றார், எங்கே என்று தெரியவில்லை. திரும்பும்போது நீ சொன்னாய், பெயர் அப்படியே இருக்கட்டும், என்றைக்காவது யாராவது கேட்டு வந்தால் காட்ட வேண்டும் என்று.

இதை நவீனிடம் நீ சொன்ன அன்று நானும் கூடத்தில்தான் இருந்தேன். பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன். அவன் வாட்சைத் திருப்பிப் பார்த்தான், விரலால் எழுத்தைத் தடவினான். "இருக்கட்டுங்க. அவரு வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றான். உன் முகத்தை நான் பார்த்தேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பன் எதையும் பார்க்க மாட்டான் என்று நினைக்காதே. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நீ அவனை உள்ளுக்குள் கட்டிக்கொண்டாய். எனக்கும் அவன் மேல் அன்றைக்குத்தான் ஆசை வந்தது. அதனால்தான் இதை இரண்டு தடவை கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

போத்தனூரில் அவர்கள் வீட்டுக்குப் பட்டு எடுத்ததைக் காட்டப் போனோமே, அங்கே ஆரம்பித்தது. அவன் அம்மா சேலையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, வாட்ச் எங்கே என்றார். நீ பெட்டியைத் திறந்து கொடுத்தாய். அவர் முதலில் டயலைப் பார்த்தார். பிறகு திருப்பினார்.

"ஏனுங்க சம்மந்தி, கடையில வாட்சே இல்லீங்களா?"

"கடை வாட்சு யாரு வேணாலும் வாங்கலாமுங்க. இது எம் புள்ள கையால உசுரு குடுத்ததுங்க" என்றேன்.

"உசுரு இவ குடுத்தாளுங்க, சரி. உசுர உட்டது யாருங்க? கல்யாணத்தன்னைக்கு எம் பையன் கையில, எவனோ செத்தவன் பேரக் கட்டிட்டு நிக்கோணுமா?"

"செத்தாருன்னு யாருங்க சொன்னது? கொடுமுடியில காவேரிப் படித்துறையில உக்காந்து முறுக்கு தின்னுட்டு இருப்பாரு" என்று நான் எடுத்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. நீ மட்டும் என் காலை மிதித்தாய்.

அந்தம்மா கெட்டவர் இல்லை, அம்மணி. அவர் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. மகன் கல்யாணத்தில் சாவு வாசனை அடிக்கிற எதுவும் வேண்டாம் என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். "அந்தப் பேர மட்டும் அழிச்சுப்போடுங்க, வாட்சு இருக்கட்டும்" என்று கடைசியில் இறங்கியும் வந்தார். நீதான், "அழிக்க முடியாதுங்க அத்தை" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். நவீன், "அம்மா, உடும்மா, பேசிக்கலாம்" என்றான். யாரிடம் பேசிக்கொள்வது என்று அவன் சொல்லவில்லை. காரில் வரும்போது அவன் உனக்கு மெசேஜ் அனுப்பினான். நீ படித்துவிட்டுச் சிரித்தாய். "பேர் இருக்கட்டும்னு சொல்லிட்டாருப்பா, அவங்க அம்மாகிட்ட அவரே பேசிக்கிறாராம்" என்று என்னிடம் காட்டினாய்.

இனிமேல் எழுதப் போவது உனக்குத் தெரியாதது.

பட்டை மாட்டுகிற ஊசி அந்தப் பழைய வாட்சுக்குக் கடையில் சரியாகக் கிடைக்கவில்லை என்று, வியாழக்கிழமை வாட்சையே என்னிடம் கொடுத்தாய். "பட்டறையில ரெண்டு ஊசி கடைஞ்சுட்டு வாங்க, வாட்ச மட்டும் சட்டை ஜோப்புல போட்டுறாதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாய். கணபதியில் பழனிச்சாமி பட்டறை உனக்குத் தெரியும். நான் வேலையை விட்ட பிறகும் அங்கே போய் டீ குடிக்காமல் இருக்க முடியாது, அவனும் ஓரத்து லேத்தை எனக்காகச் சும்மா விட்டு வைத்திருக்கிறான். ஊசியைக் கடைந்து முடித்து வாட்சில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நவீனின் வண்டி வந்து நின்றது. நான் எங்கே இருப்பேன் என்று உன்னிடம்தான் கேட்டிருப்பான்.

"வாங்க மாப்ள. பம்பு ஏதாச்சும் ரிப்பேருங்களா?" என்றேன்.

அவன் சிரித்தான். பழனிச்சாமி டீ சொல்ல வெளியே போகிற வரைக்கும் காத்திருந்தான். பிறகு என் பக்கத்தில் வந்து, கையில் இருந்த வாட்சைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மாமா, ஒரு உதவிங்க. அந்தப் பேரு இருக்குதில்லைங்க, அதை இங்கயே பஃப்பிங்ல குடுத்துத் தேச்சுப்போட முடியுங்களா?"

"அவளுக்குத் தெரியுங்களா?"

"தெரியாதுங்க. அவகிட்டக் கேட்டா ஆகாதுங்க. அம்மா மூணு நாளா சரியாச் சாப்படலைங்க மாமா. ரெண்டு பக்கமும் என்னால பேச முடியலைங்க."

"தேச்சுப்போட்டு அவகிட்ட என்னன்னு சொல்றதுங்க?"

அவன் தயங்கவில்லை, அம்மணி. அதுதான் என்னைக் குத்தியது. யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தான்.

"பளபளப்பா இருக்கட்டும்னு நீங்களா தேச்சுட்டதா சொல்லுங்க மாமா. உங்களப் பத்தி அவளுக்குத் தெரியும். ரெண்டு நாள் கோவிச்சுக்குவா, அப்புறம் சரியாயிருவா. நான் சொன்னேன்னு தெரிஞ்சாத்தான் மனசுல வெச்சுக்குவா."

கெட்டிக்காரன். நான் செய்ததாகச் சொன்னால் நீ நம்பியிருப்பாய். உன் சைக்கிள் மணியைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டையாக்கியவன் நான்தானே. நீ என்னைத் திட்டுவாய், அம்மா என்னைத் திட்டுவாள், நவீன் பக்கத்தில் உட்கார்ந்து "விடும்மா, மாமா தெரியாமச் செஞ்சுட்டாரு" என்று உன்னைத் தேற்றுவான். நீ அவன் தோளில் சாய்ந்துகொண்டு அழுவாய். இதெல்லாம் அந்த லேத்துப் பக்கத்தில் நின்றுகொண்டே எனக்குத் தெரிந்தது.

கோபப்பட்டிருக்கலாம். எனக்குக் கோபம் வராது, குறும்புதான் வரும். பாலீஷ் போடுகிற பஃப்பிங் மிஷினைப் போட்டேன். சக்கரம் இரைச்சலோடு சுற்ற ஆரம்பித்தது. வாட்சை அவன் கையில் வைத்தேன். "இந்தாங்க மாப்ள. முதுகு மட்டும் படற மாதிரி லேசாப் புடிங்க. நிமிசத்துல போயிரும்" என்றேன்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அவன் வாட்சை வாங்கிக்கொண்டு சக்கரத்தைப் பார்த்து நின்றபோது அந்த விளையாட்டு போய்விட்டது. நீ அத்தனை மாதம் குனிந்து உட்கார்ந்து செய்தது அவன் இரண்டு விரலில் இருந்தது. அவன் ஒரு எட்டு முன்னால் வைத்திருந்தால் கையைப் பிடித்திருப்பேனா, விட்டிருப்பேனா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பன் பொறுப்பில்லாதவன் என்று உன் அம்மா சொல்வது சும்மா இல்லை.

அவன் முன்னால் வரவில்லை. வாட்சை என்னிடமே நீட்டினான். "எனக்குப் பழக்கமில்லைங்க மாமா. நீங்களே பண்ணிருங்க."

மிஷினை நிறுத்தினேன்.

"மாப்ள, பேரு இருக்கறதும் போறதும் எனக்கு ஒண்ணுந் தொந்தரவில்லைங்க" என்றேன். "நாளைக்கு ஊட்டுக்கு வாங்க. அவளை உக்கார வெச்சு, எங்கம்மா பயப்படறாங்க, எனக்கும் பயமா இருக்குது, அழிச்சுரலாமான்னு நீங்களே கேளுங்க. அவ சரின்னா நான் தேச்சுத் தாரேன். கூடாதுன்னா சண்டை போடுங்க. கல்யாணத்துக்கு முன்னால ஒரு சண்டை போட்டுப் பாக்கறதும் நல்லதுதானுங்க. ஆனா நான் தெரியாமச் செஞ்ச மாதிரி எல்லாம் ஆகாதுங்க."

"சரிங்க மாமா, பேசறேனுங்க" என்றான். டீ வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினான். போகும்போது, "அவகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிராதீங்க" என்றான். நாளை வரைக்கும் சொல்ல மாட்டேன் என்றேன். அதனால்தான் வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏன் உம்மென்று இருக்கிறீர்கள், வயிறு சரியில்லையா என்று நீ கேட்டாய். ஆமாம் என்றேன். அம்மா சீரகத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

வெள்ளிக்கிழமை அவன் வந்தது உனக்குத் தெரியும். வந்தது எதற்கு என்று மட்டும் தெரியாது. நீங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்தீர்கள். நான் வாட்சைக் கொண்டுவந்து உங்கள் நடுவில் மேஜை மேல் வைத்தேன், முதுகு மேலாக. பார்க்காமல் இருக்க முடியாதபடி வைத்தேன். பிறகு வாசலில் போய்ச் செருப்பைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குத் துடைக்கிற செருப்பே கிடையாது, ரப்பர் செருப்பு. உள்ளே பேச்சு கேட்டது. மண்டபத்துக்குப் பூ யார் போடுவது, போட்டோக்காரர் எத்தனை மணிக்கு வருவார், தேனிலவுக்கு எங்கே. நீ ஊசி பொருந்தியிருப்பதைக் காட்டினாய். "சூப்பர்" என்றான். நீயாகவே, "உங்கம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாய். இதோ வாசல் திறந்துவிட்டது, நுழைந்துவிடு தம்பி என்று மனதுக்குள் அவனைத் தள்ளினேன்.

"அம்மா சமாதானமாயிட்டாங்க. நீ எதுக்கும் கவலைப்படாத" என்றான்.

நீ எழுந்து அவனுக்குக் காபி போடப் போனாய். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாய்.

காபி குடித்துவிட்டு அவன் வெளியே வந்தான். நீ வாசல் வரைக்கும் வந்து கையாட்டிவிட்டு உள்ளே போனாய். அவன் ஷூ மாட்டக் குனிந்தான். நாடாவைக் கட்டிக்கொண்டே, நிமிராமல், என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

"மாமா, எப்பத் தேய்ப்பீங்க?"

அவ்வளவுதான் அம்மணி. நான் சரி என்று சொல்லவில்லை. தலையாட்டவும் இல்லை. அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவனை அயோக்கியன் என்று நான் எழுதவில்லை, நீயும் உடனே அப்படி நினைத்துவிடாதே. அவர் வருகிற வரைக்கும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன அன்றைக்கு அவன் பொய் சொல்லவில்லை. மெய்யாகத்தான் சொன்னான் என்று இப்போதும் நம்புகிறேன். அம்மாவுக்கும் நல்லவனாக இருக்க வேண்டும், உனக்கும் நல்லவனாக இருக்க வேண்டும், கெட்ட பெயரை வேறு யார் கையிலாவது கொடுத்துவிட வேண்டும். அது அவனுக்கு மாறுமா, நாளைக்கு உங்கள் வீட்டில் இன்னொரு விஷயம் வரும்போதும் இப்படித்தான் இருக்குமா என்பது எனக்குத் தெரியாது. வாட்சாக இருந்தால் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுவாய். இதற்கு அந்த வசதி இல்லை. நான் பார்த்ததை உன் முன்னால் வைக்கிறேன், மிச்சம் உன் கண்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகை அடித்தாயிற்றே, சனங்களுக்கு என்ன சொல்வது, அப்பா தலை குனிய வேண்டுமே என்று எங்களை நினைத்து எந்த முடிவும் எடுக்காதே. சனங்களுக்குச் சொல்ல என்னிடம் ஆயிரம் கதை இருக்கிறது. அதேபோல, அப்பா சொல்லிவிட்டாரே என்று அவனை உதறவும் வேண்டாம். அவனிடம் கேள். கத்த வேண்டும் என்றால் கத்து. அவன் என்ன சொல்கிறான் என்பதைவிட, சொல்லும்போது யாரைக் கைகாட்டுகிறான் என்று பார்.

அவன் முதுகுக்குப் பின்னால் இதை நான் செய்யவில்லை. இன்று காலையில் அவனுக்குப் போன் போட்டேன். "மாப்ள, நான் தேய்க்கலைங்க. நடந்த எல்லாத்தையும் அவளுக்கு எழுதிட்டு இருக்கறனுங்க. மத்தியானம் அவ கையில குடுத்துருவேன்" என்றேன். அந்தப் பக்கம் வண்டிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. திட்டுவான் என்று நினைத்தேன். "நான் சொல்லலைன்னு சொல்லுவேன், அவ யார நம்புவா மாமா?" என்று கேட்பானோ என்றும் பயந்தேன்.

அவன் கேட்டது வேறு. "அதப் படிச்சு முடிக்க அவளுக்கு எவ்வளவு நேரமாகுங்க மாமா?"

"என்ர கையெழுத்துங்க மாப்ள. ஒரு மணி நேரமாச்சும் ஆகும்" என்றேன்.

"அதுக்கப்புறம் நான் வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். சண்டைக்கு வருகிறானா, உன்னிடம் உண்மையைச் சொல்ல வருகிறானா என்று அவன் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. கேட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். உள் கதவைத் திறப்பது நீதான்.

அப்பா